புதுப்பிப்பு: அப்பாவின் சர்க்கரையும் எங்கள் வீட்டுக் காவலும்

மூன்று மாதத்துக்கு முன்பு, சர்க்கரை நோய் இருக்கும் அப்பா ஒளித்து ஒளித்து மைசூர்பாகு சாப்பிடுகிறார், எச்பிஏ1சி என்ற ரத்தச் சர்க்கரைச் சோதனையில் 9.2 வந்திருக்கிறது, திட்டியும் கேட்கவில்லை என்று இங்கே புலம்பியிருந்தேன். நேற்று மறுபடி பார்த்தோம், 7.6. (அந்தச் சோதனை இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது, முந்தின நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. அப்பா முயன்றார்.)

என்ன மாறியது என்றால், முதலில் நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். அவருக்கு மட்டும் தனிச் சமையல் என்பதை அம்மா நிறுத்திவிட்டு, எல்லோர் தட்டிலும் சோற்றைக் குறைத்து அவரைக்காய்ப் பொரியலைக் கூட்டினாள். நான் முணுமுணுத்தேன், அது வேறு கதை. காலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு நானும் கூடப் போகிறேன், நடை பாதி, அரசியல் பாதி.

ஒரு நாள் மட்டும் பயந்துவிட்டோம். மாத்திரை போட்ட பிறகு டிபன் தாமதமாகி, அவருக்குக் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது, சர்க்கரை பார்க்கும் கருவியில் 62, ரொம்பக் குறைவு. தங்கை மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி விரலில் குத்திப் பார்த்தாள், 94. அப்புறம்தான் இட்லி. டாக்டரிடம் சொன்னோம், மாத்திரை அளவைக் குறைத்திருக்கிறார். அப்பாவோ, "இந்த வீட்ல அன்னைக்குத்தான் கேக்காமலே சர்க்கரை குடுத்தீங்க" என்கிறார்.