மாமா என்றால் எந்த மாமா? லத்தீன் உறவுச்சொல் படித்தவர்கள் வாங்க

வைகைக்கரை

இரண்டு வருஷமாக ஆன்லைனில் லத்தீன் படிக்கிறேன். எதற்கு என்று கேட்காதீர்கள், வீட்டில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். மூன்றாவது வாரமே குடும்பப் பாடம் வந்தது. பாத்தெர் அப்பா, மாத்தெர் அம்மா, ஃபிலியுஸ் மகன், ஃபிலியா மகள். ஃப்ராத்தெர் என்றால் உடன்பிறந்தவன், சோரோர் என்றால் உடன்பிறந்தவள். அதுவரை தகராறு இல்லை. பக்கத்தைத் திருப்பினால் 'பாத்ருவுஸ்' என்பதற்கு நேராக அங்கிள், 'அவுங்குலுஸ்' என்பதற்கு நேராகவும் அங்கிள். கீழே 'அமித்தா' ஆன்ட்டி, 'மாத்தெர்த்தெரா'வும் ஆன்ட்டி. அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

கூடப் படித்தவர்கள் எல்லாரும் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள். எதற்கு இப்படி இரண்டிரண்டு என்று அலுத்துக்கொண்டார்கள். ஆசிரியர் படம் வரைந்து விளக்கினார். அப்பாவின் சகோதரன் பாத்ருவுஸ், அம்மாவின் சகோதரன் அவுங்குலுஸ். அப்பாவின் சகோதரி அமித்தா, அம்மாவின் சகோதரி மாத்தெர்த்தெரா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்தப்பா, தாய்மாமா, அத்தை, சித்தி. இதற்கா இவ்வளவு பாடு? நோட்டில் ஆங்கிலத்தை அடித்துவிட்டுத் தமிழில் எழுதிக்கொண்டேன், பாடம் முடிந்தது. மாத்தெர்த்தெராவை ரோமானியர்களே 'மாத்தெர் ஆல்த்தெரா', அதாவது இன்னொரு அம்மா என்று பிரித்துப் பொருள் சொன்னார்களாம். நம் சின்னம்மாதான், வேறென்ன.

அந்தத் திமிருக்கு அடுத்த வாரமே அடி விழுந்தது. சொந்தக் குடும்பத்தைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னார்கள். 'மாமா எங்களோடு இருக்கிறார், அவர் மகளைத்தான் நான் கட்டியிருக்கிறேன்' என்பதை அவுங்குலுஸ் போட்டு எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்து, மனைவியின் அப்பாவுக்கு 'சோக்கெர்' என்று எழுதணும், அவுங்குலுஸ் என்றால் அம்மாவின் தம்பி ஆகிவிடும் என்றார். "சார், அவர் அம்மாவின் தம்பியேதான்" என்றேன். கொஞ்ச நேரம் திரையில் பேச்சே இல்லை. நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை.

உங்களுக்கும் இப்படி நடந்ததா? எழுதுங்கள்.

டோர்ட்முண்ட் அம்மா

எங்கட மகள் இங்கே கிம்னாசியப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து லத்தீன் படிக்கிறாள். ஜெர்மனில் இப்போது எல்லாரும் ஓங்கெல், டான்டெ தான். முந்தி அவர்களிடமும் தாய்மாமனுக்கு 'ஓஹைம்', தாயின் சகோதரிக்கு 'மூமெ' என்று தனிச்சொல் இருந்ததாம். அந்த ஓஹைமும் அவுங்குலுசும் ஒரே வேரில் வந்தவை என்று டீச்சர் சொன்னதாக வந்து சொன்னாள். நாங்கள் யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வராத சாமான் இந்த முறைச்சொல் மட்டும்தான். அது லத்தீன் பரீட்சைக்கு உதவும் என்று யார் நினைத்தது!

ஆனால் அவளுக்கு ஒரு ஏமாற்றமும் இருந்தது. அப்பம்மாவுக்கு என்ன, அம்மம்மாவுக்கு என்ன என்று தேடினால் இரண்டு பேருக்கும் 'அவியா' தானாம். பெரியப்பாவும் சித்தப்பாவும்கூட ஒரே பாத்ருவுஸ். "பெரியப்பாவுக்குத் தெரிந்தால் கோவிப்பார்" என்றாள். உண்மைதான், அவர் கோவிப்பார்.

ஈஸிசேர்

பாத்ருவுஸ் என்றாலே ரோமில் கண்டிப்புக்காரர் என்று அர்த்தம். ரோமானியக் கவிஞர் ஹொராஸ் கவிதையில் 'என்னிடம் பாத்ருவுஸ் வேலை காட்டாதே' என்று ஒரு வரி வரும். எங்கள் சித்தப்பா நினைவுக்கு வந்து, படித்துக்கொண்டிருந்த நானே நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பழைய ஏடு

நான் லத்தீன் படிக்கவில்லை, லத்தீன் என்னைப் பிடித்துக்கொண்டது. தாத்தாவின் ஞானஸ்நானச் சான்று தேவைப்பட்டு ஊர்க் கோயிலில் பழைய பதிவேட்டைப் பார்த்தோம். கத்தோலிக்கப் பங்குகளில் அந்தக் காலத்துப் பதிவெல்லாம் லத்தீனில்தான். வரிக்கு வரி 'ஃபிலியுஸ்', 'ஃபிலியுஸ்' என்று இருந்தது. ஊரில் ஒரே ஆள் இத்தனை பிள்ளைகளுக்கா ஞானத்தகப்பனாக நின்றார் என்று நானும் தம்பியும் வியந்துகொண்டிருந்தோம். சாமியார் வந்து பார்த்துவிட்டு, அது பெயரில்லை, 'இன்னாருடைய மகன்' என்பதில் வரும் மகன் என்றார். ஞானத்தகப்பன் 'பாத்ரீனுஸ்', ஞானத்தாய் 'மாத்ரீனா', அவர்கள் பெயர் அடுத்த கட்டத்தில் இருந்தது. பாத்தெர், மாத்தெரிலிருந்தே வந்த சொற்கள்.

வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் சொன்னேன். 1960களுக்கு முன்னால் லத்தீன் பூசை பார்த்தவர். 'சாங்க்தா மரியா, மாத்தெர் தேயி' என்று அடிபிறழாமல் சொன்னார். மாத்தெர் என்றால் அம்மா என்று உங்களுக்குத் தெரியுமா ஆச்சி என்றால், "தெரியாமலா இத்தனை வருஷம் கூப்பிட்டேன்?" என்றார்.

வக்கீல் குமாஸ்தா

வைகைக்கரை, உங்கள் ஆசிரியர் ஏன் வாயடைத்தார் என்று நான் சொல்கிறேன். ரோமானியச் சட்டம் ஒரு பேப்பராகப் படித்தவன். இந்தச் சொற்களை நானும் உங்களைப் போலத் தமிழில் போட்டே மனப்பாடம் செய்தேன். ஓரிடத்தில் மண்டை கிறுகிறுத்துவிட்டது.

கி.பி. 49ல் பேரரசர் கிளாடியஸ், அண்ணன் ஜெர்மானிக்கஸின் மகள் அக்ரிப்பினாவைக் கட்டிக்கொண்டார். அதுவரை அது தகாத உறவு. அவருக்காக செனட் விதியை மாற்றியது. இரண்டாம் நூற்றாண்டுச் சட்ட ஆசிரியர் காயுஸ் அதை எழுதிவிட்டு அடுத்தே ஒன்று சொல்கிறார்: உடன்பிறந்தவன் மகளைக் கட்டலாம், உடன்பிறந்தவள் மகளைக் கட்டக்கூடாது. நம் ஊரை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்ட மாதிரி! இங்கே அக்கா மகளை முறைப்பெண் என்று கட்டுகிற வழக்கம் பல சாதிகளில் உண்டு, 1955 இந்துத் திருமணச் சட்டமே வழக்கத்துக்கு இடம் விட்டிருக்கிறது. அண்ணன் மகளோ நமக்கு மகள். கிளாடியஸ் அவளுக்குப் பாத்ருவுஸ், அதாவது சித்தப்பா. சித்தப்பா கட்டினார் என்று தமிழில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், நாக்கு கூசும். ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்று படித்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, அதுதான் வேடிக்கை.

அடுத்த தலைமுறைக்கு வந்தால் திரும்பவும் நம்ம ஊர். அண்ணன் தம்பி பிள்ளைகள் ஒருவருக்கொருவர் 'ஃப்ராத்தெர் பாத்ருவேலிஸ்'. பெயரிலேயே உடன்பிறப்பு இருக்கிறது, நாமும் பெரியப்பா மகனை அண்ணன் என்கிறோம். அக்கா தங்கை பிள்ளைகள் 'கோன்சொப்ரீனி'. அண்ணன் பிள்ளையும் தங்கை பிள்ளையும் 'அமித்தீனி'. அத்தை மகன், மாமன் மகள் என்று நாம் பிரித்து வைத்திருக்கிற அதே கோடு. ஆனால் ஜனங்கள் இந்த மூன்றையும் சேர்த்துக் கோன்சொப்ரீனி என்றே சொல்கிறார்கள் என்று காயுஸே குறைப்பட்டுக்கொள்கிறார். இப்போது நம் பிள்ளைகள் எல்லாரையும் 'கசின்' என்கிற கதைதான்.

இரண்டாவது மருமகள்

யாரும் என் சொல்லைச் சொல்லவில்லையே! அண்ணன் தம்பிகளைக் கட்டிய பெண்கள் ஒருவருக்கொருவர் 'யானித்ரீக்கெஸ்'. ஆங்கிலத்தில் இதற்கு ஒற்றைச் சொல் கிடையாது, நமக்கு ஓரகத்தி. ஏழாம் நூற்றாண்டு பிஷப் இசிதோர், ஒரே வாசலில் புழங்குகிறவர்கள் என்பதால் அந்தப் பெயர் என்றார். இன்றைய மொழியியல்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, வேர் வேறாம். இருக்கட்டும். ஓர் அகத்தில் இருப்பவள் ஓரகத்தி, ஒரே வாசலில் புழங்குபவள் யானித்ரிக்ஸ். நான் இசிதோர் கட்சி.

நாத்தனாருக்கு 'க்ளோஸ்', கொழுந்தனுக்கு 'லேவிர்'. மனைவியின் தம்பிக்கு மட்டும் அப்படி ஒரு பழஞ்சொல் இல்லை, 'மனைவியின் சகோதரன்' என்று சுற்றி வளைத்தே சொன்னார்கள். புகுந்த வீட்டுக்கு வந்தவள் எத்தனை பேரைச் சமாளிக்க வேண்டும், அதனால் அவளுக்குத்தான் சொல் வேண்டியிருந்திருக்கிறது என்பது என் ஊகம். என் வீட்டுக்காரருக்கு இதைப் படித்துக் காட்டினேன். மச்சான் என்று கூப்பிட ஆளில்லாத ஊரா, பாவம் என்றார்.

வைகைக்கரை

வக்கீல் சார் எழுதியதை இன்று சாப்பிடும்போது மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் எனக்கு அவுங்குலுஸ், சோக்கெர் இரண்டும் என்பதையும் சொன்னேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார்: "ரெண்டு பேர் வெச்சிருக்கானே, அப்போ ரோம்ல சீரும் ரெண்டு தடவை கேப்பாங்களா?"