345 கிலோ விமானம், 60 குதிரைத்திறன் இன்ஜின்: வேகமே எடுக்கவில்லை, பெரிய இன்ஜின் போடலாமா?

வால்சக்கரம் (கேள்வி)

வணக்கம். மரமும் துணியும் வைத்து நானே கட்டிய ஒற்றை இருக்கை விமானம் இது. இறக்கை தலைக்கு மேலே, பின்னால் வால் சக்கரம். வரைபடத்தில் வெற்று எடை 205 கிலோ, அதிகபட்ச எடை 320 கிலோ என்று போட்டிருக்கிறது. என்னுடையது வெறுமனே 238 வந்து நிற்கிறது. நான் 82 கிலோ, 35 லிட்டர் பெட்ரோல் 25 கிலோ, ஆக மொத்தம் 345.

இன்ஜின் 1835 சிசி வோக்ஸ்வேகன், கியர் இல்லாமல் நேரடியாகச் சுற்றுவது. 3400 ஆர்பிஎம்மில் 60 குதிரைத்திறன் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதோடு வந்த மர புரொப்பெல்லர் 54க்கு 50, அதாவது விட்டம் 54 அங்குலம், பிட்ச் (வழுக்காமல் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) 50 அங்குலம்.

பிரேக் போட்டு முழு த்ராட்டில் கொடுத்தாலும் 2400க்கு மேல் போவதில்லை. தரையில் ஓட்டினால் வால் தூக்கவே ரொம்ப தூரம் எடுக்கிறது. இன்னும் பறக்கவில்லை. வரைபடப்படி மேலேறும்போது மணிக்கு 85 கி.மீ., நேர்ப் பறப்பில் 115 வர வேண்டும். அதே மவுண்ட்டில் 2180 சிசி பொருந்தும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

மரச்சிறகு

இப்போதைக்கு இன்ஜினைத் தொடாதீர்கள். நீங்கள் சொல்லும் 2400 நிஜமா என்று முதலில் தெரிய வேண்டும். ஒளியில் அளக்கும் டாக்கோமீட்டர் ஒன்றை இரவல் வாங்கிச் சரிபாருங்கள். அப்புறம் ஒருவர் லீவரை முழுக்கத் தள்ளிப் பிடிக்க, இன்ஜின் ஓடாத நிலையில் கார்புரேட்டர் பட்டாம்பூச்சி (உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தகடு) முழுக்கத் திறக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கேபிள் உறை வளைந்திருந்தால் கொஞ்சம் பாக்கி நின்றுவிடும். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் பாருங்கள்.

இதெல்லாம் சரி என்றால், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வாலை ஒரு ஸ்பிரிங் தராசு வழியாக உறுதியான தூணில் கட்டி, முழு த்ராட்டிலில் எத்தனை கிலோ இழுக்கிறது என்று எழுதுங்கள். புரொப்பெல்லர் சுற்றும் வளையத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. தராசைப் பார்ப்பவர் வாலுக்குப் பக்கவாட்டில், கயிறு அறுந்தால் அடிபடாத இடத்தில் நிற்கட்டும்.

வால்சக்கரம்

பார்த்துவிட்டேன். டாக்கோமீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது. பட்டாம்பூச்சி முழுக்கத் திறக்கிறது, கம்ப்ரெஷனும் நன்றாக இருக்கிறது. இழுப்பு 78 கிலோ.

மரச்சிறகு

அப்படியானால் கோளாறு புரொப்பெல்லரில்தான். 50 அங்குலம் என்றால் 1.27 மீட்டர். 3200 ஆர்பிஎம்மில் வழுக்கலே இல்லாமல் முன்னேறினால் மணிக்கு 244 கி.மீ. வரும். இது வேகமான, வழவழப்பான விமானத்துக்குச் செதுக்கிய புரொப்பெல்லர். உங்களுடையது 115இல் பறப்பது. நின்ற இடத்தில் இதன் அலகுகள் (சுற்றும் தகடுகள்) காற்றைக் கடிக்கும் கோணம் மிக அதிகம், பெரும்பகுதி ஸ்டாலில், அதாவது காற்றோட்டம் ஒட்டாமல் பிரிந்துபோன நிலையில் இருக்கும். இன்ஜின் முக்குகிறது, இழுப்பு வருவதில்லை.

சுற்றும் கிடைக்கவில்லை, அதனால் திறனும் கிடைக்கவில்லை. இந்த இன்ஜினின் முறுக்குவிசை இந்த எல்லைக்குள் பெரிதாக மாறாது. எனவே 2400இல் உங்களிடம் இருப்பது ஏறக்குறைய 42 குதிரைத்திறன். மீதி 18ஐ நீங்கள் தொடவே இல்லை.

2180 சிசி போட்டால் என்ன ஆகும்? முறுக்குவிசை சுமார் 19 சதவீதம் கூடும். நிற்கும் புரொப்பெல்லர் கேட்கும் முறுக்கு ஆர்பிஎம்மின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 2400 ஆனது 2600ஐ ஒட்டி நிற்கும். இழுப்பு 78இலிருந்து 93. இவ்வளவு செலவுக்கு 15 கிலோ!

உங்களுக்கு 58க்கு 30 மாதிரி ஒன்று வேண்டும். 3200இல் அதன் பிட்ச் வேகம் மணிக்கு 146 கி.மீ.; 20 சதவீதம் வழுக்கல் போனால் 117. விட்டம் கூடுவதால் அதிகக் காற்றை மெதுவாகத் தள்ளும், மெதுவான விமானத்துக்கு அதுதான் லாபம். அலகு நுனி வேகம் நொடிக்கு சுமார் 247 மீட்டர், ஒலி வேகத்தில் முக்கால் பங்குக்குள் அடங்கிவிடும். நிற்கும்போது 2850 பக்கம் வந்தால் நல்ல பொருத்தம். நேர்ப் பறப்பில் முழு த்ராட்டிலில் 3400ஐத் தாண்டினால் பிட்ச் குறைவு என்று அர்த்தம். பழைய புரொப்பெல்லரின் நுனியை நீங்களே வெட்டிப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம்.

ஏலரான்

மேலேறும் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வகை விமானத்தின் சறுக்கு விகிதம் (எடையைக் காற்றுத்தடையால் வகுத்தது) 7 என்று வைத்தால், 345 கிலோவுக்குக் காற்றுத்தடை 49 கிலோ. 85 கி.மீ. வேகத்தில் இப்போதைய புரொப்பெல்லர் 68 கிலோ தரும் என்பது என் மதிப்பீடு. மிச்சம் 19. நொடிக்கு 1.3 மீட்டர்தான் ஏறும், ஓடுதள முனையில் மரம் இருந்தால் ஆபத்து. பொருத்தமான புரொப்பெல்லரில் 109 கிலோ கிடைத்தால் மிச்சம் 60, ஏற்றம் நொடிக்கு 4 மீட்டர். எடையை 320க்கு இறக்கினால் அது 4.7 ஆகும், அவ்வளவுதான்.

இதைப் பார்த்துவிட்டு எடையை விட்டுவிடாதீர்கள். ஏற்றத்துக்காக இல்லை, இறக்கைக் கம்புக்காகச் சொல்கிறேன். 320 கிலோவில் 3.8 மடங்கு சுமைக்குக் கணக்கிட்ட கட்டுமானம் 345இல் 3.5 மடங்குக்குத்தான் தாங்கும். எந்த இன்ஜினும் அதைச் சரிசெய்யாது. முதல் பறப்புகளுக்கு 15 லிட்டர் போதும், 14 கிலோ குறையும். இன்னும் 11 கிலோவை பேட்டரி, இருக்கை, கூடுதல் பெயின்ட் அடுக்குகளில் தேடுங்கள். மூன்று சக்கரத்தையும் தனித்தனியாக எடை போட்டு சிஜியையும் (எடை மையம்) பாருங்கள்.

வால்சக்கரம்

தெளிவாகிவிட்டது, இருவருக்கும் நன்றி. 58 அங்குலம் போட்டால் தரையில் இடிக்காதா? வால் தூக்கிய நிலையில் இப்போது 31 செ.மீ. இடைவெளி இருக்கிறது. போல்ட் விஷயத்திலும் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

மரச்சிறகு

5 செ.மீ. போக 26 மிஞ்சும். வால் சக்கர விமானத்துக்கு 23 என்பதுதான் வழக்கமான குறைந்தபட்சம், போதும். போல்ட்டை செய்தவர் சொன்ன அளவுக்கே முறுக்குங்கள். அதிகம் முறுக்கினால் மரம் நசுங்கும், தளர்ந்தால் ஹப்பில் கருகல் தடம் விழும். முதல் ஓட்டம் முடிந்ததும் ஒருமுறை, 25 மணி நேரத்தில் ஒருமுறை சரிபாருங்கள். மழைக்காலம் போய் வெயில் வந்தாலும் பாருங்கள், மரம் காய்ந்தால் சுருங்கும். புதிய புரொப்பெல்லர் வந்ததும் அதே தராசில் கட்டி, ஆர்பிஎம்மையும் கிலோவையும் இங்கே போடுங்கள்.