இல்லாத ஃபங்ஷனுக்கு ஒரு சொல் வேண்டும்

அட்டனிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகளுக்கான கேம் பயிற்சிக் கைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன்.

பிள்ளைகள் கேம் செய்வதற்கான மென்பொருளான கொடோ எஞ்சினில் சின்ன கேம் ஒன்று செய்கிறார்கள். கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் மலை ஏறுவாள், அட்டை கடிக்காமல் மேலே போய்ச் சேர வேண்டும். கோட் எழுத ஏஐ சாட்பாட்டைக் கேட்கிறார்கள். போன கிழமை ஒரு பிள்ளை, ஆள் சரிவில் நிற்கிறாளா என்று எப்படிப் பார்ப்பது எனக் கேட்டாள். பாட் உடனே ‘இஸ் ஆன் ஸ்லோப்’ என்று ஒரு ஃபங்ஷனை, அதாவது கோடில் பெயர் சொல்லி அழைக்கிற கட்டளையைக் கொடுத்தது, விளக்கமும் உதாரணமும் சேர்த்து. கொடோவில் இஸ் ஆன் ஃப்ளோர் உண்டு, இஸ் ஆன் வால் உண்டு, இஸ் ஆன் சீலிங் உண்டு. ஸ்லோப் கிடையாது. தன் எழுத்துப்பிழைதான் காரணம் என்று நினைத்து அந்தப் பிள்ளை இரண்டு மணி நேரம் தேடியிருக்கிறாள்.

ஏஐ இப்படி இல்லாததை இருப்பதாகச் சொல்வதை ஆங்கிலத்தில் ஹாலுசினேஷன் என்கிறார்கள், அதற்குத்தான் தமிழ்ச் சொல் வேண்டும். ‘மாயத்தோற்றம்’ என்று எழுதி வைத்தேன், மனம் ஒப்பவில்லை. அது கண்ணுக்குத் தெரிவது, இது எழுத்தில் வருவது.

பண்டாரவளையிலிருந்து:

தம்பி, சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ‘பொருளல்ல வற்றைப் பொருளென் றுணரும் மருளானாம் மாணாப் பிறப்பு’, குறள் 351. பொருளல்லாததைப் பொருள் என்று கொள்வது மருள். வள்ளுவரே வரைவிலக்கணம் எழுதித் தந்துவிட்டார்.

இன்னொன்றும் பாருங்கள். தொல்காப்பியர் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் மருட்கை என்றால் வியப்பு. மருண்மாலை என்றால் வெளிச்சமும் இருட்டும் கலக்கிற பொழுது. மால் என்பதற்குக் கருமையும் மயக்கமும் இரண்டும் பொருள். மை, மால், மழை, மருள் எல்லாம் கருமை என்ற ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் நெடுநாள் எண்ணம். கார்மேகம் மலையை மூடும்போது பத்தடிக்கு அப்பால் நிற்பது மரமா மனிதனா என்று தெரியாதே, அந்த மயக்கம்தான் இது.

தலவாக்கலையிலிருந்து:

ஐயா, மழையை விடுங்கள். எங்கள் தோட்டத்தில் மருள் என்றால் மாரியம்மன் திருவிழாவில் வருவது. என் அம்மாயிக்கு மருள் வரும். அப்போது அவர் சொன்ன வாக்கை எங்கள் லயத்து வீடுகளில் ஒருவரும் பொய் என்று சொன்னதில்லை. அதே சொல்லை இல்லாத ஃபங்ஷனுக்கு வைத்தால், பிள்ளைகள் வீட்டில் போய் என்ன பேசுவார்கள்? எனக்கு இது மிகவும் வலிக்கிற விஷயம்.

என் வகுப்பில் பிள்ளைகளே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். “டீச்சர், பாட் புளுகுது.” புளுகு என்றே போடுங்கள்.

பதுளையிலிருந்து:

டீச்சர், புளுகுகிறவனுக்கு உண்மை தெரியும். பாட் அப்படி இல்லை, அடுத்து எது வரக்கூடும் என்ற நிகழ்தகவில் சொல் சொல்லாகக் கோக்கிறது. மூன்று ஃபங்ஷன் ‘இஸ் ஆன்’ என்று தொடங்கினால், நான்காவது அதற்கு இயல்பாகவே வரும். புளுகு என்று பழக்கினால், அதட்டினால் உண்மை வரும் என்று பிள்ளைகள் நம்புவார்கள்.

நான் தனியாக கேம் செய்கிறவன். தினமும் இரண்டு வகைப் பிழை பார்க்கிறேன். கேமில் நடமாடும் ஆளுக்கு பாட் ‘கைனமேட்டிக் பாடி டூடி’ என்று எழுதும். அது கொடோ 3 இல் இருந்தது. 2023 மார்ச்சில் வந்த 4.0 இல் ‘கேரக்டர் பாடி டூடி’ ஆகிவிட்டது. ஆளை நகர்த்துகிற ‘மூவ் அண்ட் ஸ்லைட்’ ஃபங்ஷன் முன்பு வேகத்தை அடைப்புக்குறிக்குள் வாங்கும், இப்போது அடைப்புக்குறி வெறுமையாக இருக்க வேண்டும், வேகத்தை ‘வெலாசிட்டி’ என்ற மாறியில் தனியாக வைக்க வேண்டும். இவற்றை இல்லாதவை என்று சொல்ல முடியாது, இறந்தவை. இலக்கண நூலான நன்னூலின் 32 உத்திகளில் ‘இறந்தது விலக்கல்’ ஒன்று, வழக்கிழந்ததை விட்டுவிடுவது. சாட்பாட்டுக்கு அது சரியாக வருவதில்லை. ஸ்லோப் கதை வேறு, அது என்றைக்குமே இருந்ததில்லை. அதற்கு ‘இல்பொருள்’ என்று வைக்கலாம், உலகில் இல்லாத ஒன்றை உவமையாக்குகிற இல்பொருள் உவமையில் வருகிற அதே சொல். இறந்ததற்குப் புதிய பெயரைத் தேடினால் கிடைக்கும். இல்பொருளுக்குத் தேடிப் பயனில்லை, வேறு வழிதான் யோசிக்க வேண்டும்.

அப்புறம், அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்: ‘கெட் ஃப்ளோர் ஆங்கிள்’ சரிவின் கோணத்தைத் தரும். கொடோ தானாக 45 பாகை வரைதான் தரை என்று எடுக்கும், அதற்கு மேல் சுவர். நம் மலைக்கு அது போதாது, ‘ஃப்ளோர் மேக்ஸ் ஆங்கிள்’ அளவைக் கூட்ட வேண்டும்.

பண்டாரவளையிலிருந்து:

இல்பொருள் உவமையில் கவிஞன் இல்லாதது என்று தெரிந்துதான் பாடுகிறான். கேட்பவனுக்கும் அது தெரியும். சாட்பாட்டுக்குத் தெரியாது என்று நீங்களே சொல்கிறீர்கள். புளுகுக்குச் சொன்ன குறை இதற்கும் பொருந்தாதா?

பதுளையிலிருந்து:

பொருந்தாது ஐயா. மருளும் புளுகும் செய்கிறவரின் மனதைப் பற்றிய சொற்கள். இல்பொருள் கையில் கிடைத்த பொருளைப் பற்றியது. சாட்பாட்டின் மனதுக்குள் நாம் போக வேண்டியதில்லை.

அட்டனிலிருந்து:

நேரம் முடிந்துவிட்டது. இல்பொருளுக்கு நான்கு பேர், மருளுக்கு ஐயா ஒருவர், புளுகுக்கு டீச்சரும் இன்னொருவரும். கைநூலில் ‘இல்பொருள்’, ‘இறந்தது’ இரண்டும் தனித்தனியாகப் போகின்றன. கோணத்தை 60 ஆக்கினோம், கூடைக்காரி மலை ஏறிவிட்டாள்.

தலவாக்கலையிலிருந்து:

மருளை விட்டதற்கு நன்றி. ஆனாலும் இல்பொருள் பரீட்சைத் தாளில் வருகிற சொல், பிள்ளைகள் வாயில் வராது. என் வகுப்பில் கரும்பலகையில் புளுகு என்றுதான் எழுதுவேன். அடுத்த பதிப்பில் மறுபடியும் கேட்பேன்.