மைக்ரோஸ்ட்ரிப் இம்பிடன்ஸ்: கட்டத்தைச் சிறிதாக்கியும் பிழை மெதுவாகத்தான் குறைகிறது

மைக்ரோஸ்ட்ரிப் (மேலே செம்புத் தடம், அடியில் தரைத்தளம் கொண்ட சர்க்யூட் போர்டு லைன்) ஒன்றின் இம்பிடன்ஸைக் கணக்கிடுகிறேன். எஃப்ஆர்-4 (கண்ணாடியிழை) போர்டு, தடிமன் 1.6 மி.மீ., மின்காப்பு மாறிலி 4.4. தடம் 3 மி.மீ. அகலம், தடிமன் இல்லை என்றே வைத்திருக்கிறேன். ஃபைனைட் டிஃபரன்ஸில் (குறுக்குவெட்டைக் கட்டங்களாக்கி, கணுக்களில் மின்னழுத்தம் காணும் முறை) லாப்லாஸ் சமன்பாட்டை மின்காப்போடு ஒருமுறை, வெறும் காற்றில் ஒருமுறை தீர்த்து, இரண்டு கெப்பாசிட்டன்ஸிலிருந்தும் இம்பிடன்ஸ் எடுக்கிறேன்.

கட்டம் 0.2 மி.மீ. என்றால் 49.3 ஓம், 0.1-க்கு 49.9, 0.05-க்கு 50.2. மைக்ரோஸ்ட்ரிப்புக்கான ஹாமர்ஸ்டாட் தோராயச் சூத்திரம் 50.8 தருகிறது (அதிலேயே ஒரு சதவீதம் முன்பின் இருக்கும், கவலை அதுவல்ல). கட்டம் பாதியானால் பிழை கால்பங்காக வேண்டும், பாதியாகத்தான் ஆகிறது.

எல்லைப் பெட்டியை 30-லிருந்து 60 மி.மீ. ஆக்கினேன், 0.1 ஓம்கூட நகரவில்லை. போர்டும் காற்றும் சந்திக்கும் இடைமுகக் கணுக்களில் மின்காப்பு மாறிலிகளின் சராசரி 2.7 போட்டாயிற்று. மின்னூட்டம் காணத் தடத்தைச் சுற்றி எடுக்கும் காஸ் பாதையை மாற்றினாலும் அதே விடை. தடத்தின் ஓரத்தில் மின்புலம் எகிறுவதுதான் காரணம் என்று படுகிறது.

கட்டத்தை மாற்றாமல், ஓரக் கணுவை ஒட்டிய ஐந்து-புள்ளிச் சமன்பாட்டின் (ஒரு கணுவை அதன் நான்கு அண்டைக் கணுக்களோடு இணைப்பது) கெழுக்களை மட்டும் எப்படித் திருத்துவது?