மெஷினை விட்டு எழுந்த கதை

திருப்பூர், பனியன் கம்பெனி:

பதினொரு வருஷம் ஓவர்லாக் மெஷினில், அதாவது துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கிற மெஷினில், டைலர். கை வேகத்தைப் பார்த்துத்தான் என்னை லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். சிக்கலே அங்கேதான்.

மூன்றாவது நாள், டி-ஷர்ட்டுக்குக் கை வைக்கிற இடத்தில் பீஸ் குவிந்துவிட்டது. டார்கெட் மணிக்கு 100. அந்த அக்காவுக்கு 70க்கு மேல் ஓடவில்லை. "நகருங்கக்கா" என்று நானே உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் குவியல் காலி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதே ஒரு மணி நேரமும் கழுத்து வைக்கிறவர் எம் சைஸ் பண்டிலில் எல் சைஸ் ரிப்பை (கழுத்துப் பட்டித் துணி) வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க வேண்டியவன் நான். செக்கிங்கில் பிடிபட்டபோது 80 பீஸ். ராத்திரி உட்கார்ந்து பிரித்துத் தைத்தோம்.

புரொடக்‌ஷன் மேனேஜர் திட்டவில்லை. மறுநாள் ஒரு ஸ்டாப்வாட்சைக் கொடுத்து, "ரெண்டு வாரம் மெஷின்ல உட்காரக் கூடாது. ஒவ்வொருத்தர் பக்கத்திலயும் நின்னு பத்து பீஸுக்கு நேரம் பாரு" என்றார். அக்காவுக்கு ஒரு பீஸ் 50 நொடி. அதில் பண்டிலை அவிழ்த்து, கைத்துணியை முன் பின் பார்த்து எடுத்து வைக்கவே 15 நொடி. ஒரு கைமடியை (உதவியாளை) நிறுத்தி எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். 95 வந்தது. அக்காவின் கையில் குறையே இல்லை.

இப்போது நான் ஃப்ளோர் இன்சார்ஜ். புதிதாக ஏறுகிறவர்களுக்கு அதே ஸ்டாப்வாட்ச் வைத்தியம்தான். கூடவே இன்னொன்று: அவர்கள் தைத்த லைனையே அவர்களுக்குக் கொடுப்பதில்லை. நேற்றுவரை ஒரே டீயைப் பங்கு போட்டவனிடம் இன்று "லீவு கிடையாது" என்று சொல்வது கொடுமை.

மதுரை, செவிலியர்:

கடைசியாகச் சொன்னது எங்களுக்கு ஒத்துவராது அண்ணா. வேலை பார்த்த வார்டுக்கே என்னை இன்சார்ஜ் ஆக்கினார்கள். முதல் ரோஸ்டரிலேயே நெருங்கிய தோழிக்குத் தீபாவளி நைட் போடாமல் விட்டேன். ஒட்டின பத்தாவது நிமிஷம் வார்டு முழுக்க அதே பேச்சு. எனக்கு முன்னால் இருந்த சிஸ்டர் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்த பண்டிகைக்கு நைட்ல உன் பேரைப் போடு, அப்புறம் யாரும் கேட்க மாட்டாங்க" என்றார். பொங்கலுக்குப் போட்டேன். கேட்டார்கள்தான், ஆனால் குரல் இறங்கியிருந்தது.

திருப்பூர், பனியன் கம்பெனி:

சரிதான் சிஸ்டர், எங்களிடம் ஆறு லைன் இருப்பதால் மாற்ற முடிகிறது. அந்த அக்கா இப்போது நாலாவது லைனுக்கு சூப்பர்வைசர். போன வாரம் பார்த்தால் ஓவர்லாக்கில் உட்கார்ந்திருக்கிறார். ஸ்டாப்வாட்சை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். சிரித்துக்கொண்டே எழுந்தார்.