புதுப்பிப்பு: கோத்தகிரி சரிவு மனையில் வீடும் கார் ஷெட்டும்

சாலையிலிருந்து கீழே சரியும் எங்கள் மனையில் வீட்டையும் கார் ஷெட்டையும் எங்கே வைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். முடிவாகிவிட்டது. கார் ஷெட் மேலே, சாலை மட்டத்திலேயே வருகிறது. வாசல்வரை கார் இறங்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஆனால் 10 அடி இறக்கத்துக்கு, 8 அடிக்கு 1 அடி இறங்கும் சரிவில் பாதை போட்டாலே 80 அடி நீளம் வேண்டும். மனையே அதில் போய்விடும். அதற்குப் பதில் அவருக்காக 6 அங்குல உயரப் படிகளும் கைப்பிடியும் வைக்கிறோம்.

வீட்டின் நீளப்பக்கம் சரிவுக்குக் குறுக்காக அமைவதால் மண் வெட்டுவது வெகுவாகக் குறைகிறது. மண் சரியாமல் பிடித்துநிற்கும் தாங்குசுவருக்குப் பின்னால் ஜல்லி, சுவரில் நீர் வடியும் துளைகள். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்த மலை இது; இதில் சிக்கனம் பிடிக்க மாட்டேன். ஷெட் கூரைத் தண்ணீர் குழாய் வழியே பக்கவாட்டு வடிகாலுக்குப் போகிறது.