புதுப்பிப்பு: சாஃப்ட்பால் பையின் அடி கிழிவது நின்றது

மகளின் சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரி ஆட்டம்) பையில் பேட் முனை குத்திக் குத்தி அடி மூலை கிழிகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க.

பலித்தது, பேட்டுக்குப் பக்கவாட்டில் தனி உறை வைக்கச் சொன்ன அண்ணனின் யோசனைதான். சாஃப்ட்பால் பேட் விதிப்படி 34 அங்குலம் தாண்டாது. உறையை 36 வைத்தோம். ஈரோட்டில் தார்ப்பாய் தைக்கிறவர் கேன்வாஸில் தைத்து, அடியில் ரெக்சின் இரட்டையாகக் கொடுத்து, நடுவில் ரப்பர் துண்டையும் சொருகிவிட்டார். இப்போது குத்துவது ரப்பரில்தான்.

எதிர்பாராத ஒன்று: கிளவுஸ் காயட்டும் என்று பையின் ஒரு பக்கம் வைத்த வலைத்துணி. வியர்வை நாத்தம் போயிருச்சு, ஆனால் மைதானத்துச் செம்மண் புழுதி மொத்தமும் உள்ளே! மேலே ஒரு மூடி தைத்த பிறகு பரவாயில்லை.

ஜிப் 10ஆம் நம்பர் (பெரிய பல் உள்ளது) போடுங்க, 5 தாங்காது.